பென்சில்ல எழுதின ஹாஹா

ஹோமரோட கிரேக்க காவியமான இலியட்டை வெச்சு மேடலின் மில்லர் எழுதின 'தி சாங் ஆஃப் அக்கிலீஸ்' நாவலை முதல் தடவை முடிச்சப்பவே இனிமே இதைத் தொடக்கூடாதுன்னு மேல் தட்டுல தூக்கி வெச்சேன். போன வாரம் தூசி தட்டும்போது கைல வந்துச்சு, சும்மா நாலு பக்கம்னு உக்காந்தேன், விடிஞ்சிடுச்சு.

ஒரு பக்க ஓரத்துல பென்சில்ல "ஹாஹா"ன்னு நானே எழுதி வெச்சிருக்கேன். என்னன்னு பாத்தா, கிரேக்க வீரன் அக்கிலீஸ் ட்ராய் நகரத்துப் போர்ல சாவான், ஆனா அந்த ஊர் இளவரசன் ஹெக்டர் செத்த பிறகுதான்னு குறி சொல்லிருக்கு, அப்ப ஹெக்டரைக் கொல்லாம விட்டா போச்சுல்ல, அவன் எனக்கு என்ன கெடுதல் பண்ணான்ங்கற மாதிரி அக்கிலீஸ் பேசற இடம். அன்னைக்கு செம கிண்டலாத் தெரிஞ்சுது. இப்ப அந்த ஹாஹாவைப் பாக்கவே கூச்சமா இருக்கு. ஹெக்டர் கையாலதான் அக்கிலீஸோட காதலன் பெட்ரோக்ளஸ் சாகப்போறான்னு எனக்குத் தெரியும், பக்கத்துலயே இருக்கற பெட்ரோக்ளஸுக்குத் தெரியாது, பாவம்.

தெரியாதா? கதை சொல்றதே அவன்தானே! அவன் செத்த பிறகும் கதை ஓடிட்டே இருக்கு. அப்ப முதல் வரிலேந்து பேசறது ஆவி, இதை எப்படி முதல் தடவை கோட்டை விட்டேன்னே புரியல. சின்னப் பையன் அக்கிலீஸ் அத்திப்பழத்தை மாத்தி மாத்தி மேல போட்டுப் பிடிச்சு, திடீர்னு ஒண்ணை இவன்கிட்ட எறிவான், உள்ளங்கைல லேசான சூடோட வந்து விழும். கையே இல்லாதவன் அந்தச் சூட்டைச் சொல்றான்னு நெனச்சுப் படிங்க. இலியட்ல 23வது காண்டத்துல பெட்ரோக்ளஸோட ஆவி கனவுல வந்து நம்ம ரெண்டு பேர் எலும்பும் ஒரே கலசத்துல இருக்கணும்னு கேக்கும், அந்த ஒரு வேண்டுதல்லதான் மொத்த நாவலும் தொங்குதுன்னு என் கணக்கு.

இந்தக் காதலை மில்லரே சொருகிட்டாங்கன்னு சண்டைக்கு வராதீங்க. ஹோமர் வெளிப்படையா சொல்லலதான், ஆனா கிரேக்க தத்துவ ஞானி பிளேட்டோவோட 'சிம்போசியம்' நூல்லயே இவங்கள்ல யார் காதலிச்சவன், யார் காதலிக்கப்பட்டவன், நாடக ஆசிரியர் எஸ்கிலஸ் மாத்திச் சொல்லிட்டாரேன்னு ஒருத்தர் வம்பு பண்றார், 2,300 வருஷத்துக்கு மேல ஆச்சு. அக்கிலீஸுக்குக் குதிகால்ல அடிச்சாத்தான் சாவுன்னு ஊரே சொல்ற கதைதான் ஹோமர்ல கிடையாது, மில்லரும் அதைத் தொடல. (அக்கிலீஸ் பொண்ணு வேஷத்துல ஒளிஞ்சிருக்கற ஸ்கைரோஸ் தீவுப் பகுதி இப்பவும் ஜவ்வுதான்.)

ஆனா தீட்டிஸ், அக்கிலீஸோட அம்மா, கடல் தெய்வம்! பையனைக் காதலிக்கறவனைப் பாம்பு மாதிரி பாக்கற அந்தம்மாவை முதல் தடவை கரிச்சுக் கொட்டினேன். அவங்களை எப்படி மனுஷனுக்குக் கட்டிவெச்சாங்கங்கறது ஆரம்பத்துலயே இருக்கு, வேகமா தாண்டிப் போயிருக்கேன். கடைசில பையனோட கல்லறைல உக்காந்து, தனக்குப் பிடிக்காதவன்கிட்டயே அவன் ஞாபகங்களைச் சொல்லச் சொல்லிக் கேக்கறாங்க. இந்தத் தடவை தீட்டிஸுக்காகத்தான் அழுதேன்னு சொன்னா, வீட்ல "யாரு அது, எந்த சீரியல்?"ங்கறாங்க.