ரத்தம் வந்தால்தான் காயமா?

"ரத்தம் வராவிட்டால் சட்டப்படி அது காயமே இல்லை, புகாரில் ‘கொடுங்காயம்’ என்று எழுதினால்தான் போலீஸ் எடுக்கும்." பெங்களூரு தமிழ்க் குழுக்களில் சுற்றும் இந்த வாட்ஸ்அப் செய்தியின் இரண்டு பாதியும் தவறு.

பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக 2024 ஜூலை 1 முதல் அமலில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 114-ஆம் பிரிவுப்படி உடல்வலி, நோய், உடல் நலிவு எதை உண்டாக்கினாலும் காயம்தான். ரத்தம் என்ற பேச்சே அதில் இல்லை. ஊமைக்காயமும் உள்ளே வரும்.

கொடுங்காயம் என்பது நாம் போட்டுக்கொள்ளும் பட்டம் அல்ல. 116-ஆம் பிரிவு எட்டு வகை சொல்கிறது: எலும்பு முறிவு, மூட்டு விலகல், ஒரு கண் பார்வை போவது, முகம் நிரந்தரமாக விகாரமாவது என்று போகும். பல் உடைந்தாலும் கொடுங்காயமே! ஆனால் ஆறு தையல் போட்ட வெட்டு அதில் சேராமல் போகலாம். கடும் வலி குறிப்பிட்ட நாள் நீடித்தாலும் கொடுங்காயம்தான்: அந்தக் கெடு பழைய சட்டத்தில் 20 நாள், இப்போது 15.

வதந்தியின் வேர் வேறு இடத்தில் இருக்கிறது. 115(2)-ஆம் பிரிவில் வரும் சாதாரணக் காயத்தை நீதிமன்ற உத்தரவில்லாமல் போலீஸ் விசாரிக்க முடியாது. பதிந்துகொண்டு மாஜிஸ்திரேட்டிடம் போகச் சொல்வார்கள். அதைத்தான் "எடுக்கவில்லை" என்கிறார்கள்.

புகாரில் பெரிய சொல் வேண்டாம். "இடது முழங்கைக்குக் கீழே கட்டையால் அடி, வீக்கம், கை மடங்கவில்லை" போதும். எழுத்தர் கன்னடத்தில் எழுதினால், உள்காயத்துக்கு ‘ஒளபெட்டு’ என்று சொல்லுங்கள். வாசித்துக் காட்டச் சொல்லிவிட்டுக் கையெழுத்திடுங்கள். மற்றதை டாக்டரின் காயச் சான்றும் எக்ஸ்ரேயும் சொல்லும்.

சட்ட வாசகம் ‘இந்தியா கோட்’ அரசுத் தளத்தில் இருக்கிறது. அந்தச் செய்தியை இனி அனுப்பாதீர்கள்.