மலாய் 'ச்சுத்தி' தமிழிலிருந்து போனதல்ல

பள்ளி விடுமுறை நெருங்கினாலே கோலாலம்பூர் புலனக் (வாட்ஸ்அப்) குழுக்களில் ஒரு செய்தி சுற்றுகிறது. விடுப்பைக் குறிக்கும் மலாய்ச் சொல் 'ச்சுத்தி', நம் 'ஊர் சுத்தி'யிலிருந்து வந்ததாம். இது தவறு.

அது இந்தியின் 'ச்சுட்டி'. அங்கும் விடுப்பு என்றே பொருள். விடுபடுவதைச் சொல்லும் 'ச்சூட்னா' என்ற வினையோடு உறவுடையது. ரஸ்ஸல் ஜோன்ஸ் பதிப்பித்த மலாய்–இந்தோனேசியக் கடன்சொல் தொகுப்பில் (2007) சரிபார்க்கலாம்.

தமிழ் கொடுத்தது குறைவா என்ன? கெடாய் (கடை), கப்பால் (கப்பல்), காத்தில் (கட்டில்), பெத்தி (பெட்டி), மோடால் (முதல், அதாவது மூலதனம்) எல்லாம் நம் சொற்கள்தாம். இவற்றைப் பிள்ளைகளுக்குப் பெருமையாகவே சொல்லுங்கள். அந்தச் செய்தியை மட்டும் இனி அனுப்பாதீர்கள். ஏற்கெனவே அனுப்பியிருந்தால், அதே குழுவில் இந்தத் திருத்தத்தையும் போட்டுவிடுங்கள்.