சோழர்கள் ஏற்கெனவே வந்தாச்சு ப்ரோ

கம்ப்யூட்டர்ல ஆடுற போர் கேம் ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் பத்தின உங்க பதிவுல, "ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் அடுத்த பாகத்துலதான் சோழர்கள் முதல்முறையா வர்றாங்க"ன்னு போட்டிருக்கீங்க. அது சரியில்ல ப்ரோ. இரண்டாம் பாகத்தோட 'டைனஸ்டீஸ் ஆஃப் இந்தியா'ங்கிற கூடுதல் தொகுப்பு 2022 ஏப்ரல்லயே வந்துச்சு. அதுல 'திராவிடர்'னு தனி நாகரிகம், ராஜேந்திர சோழனுக்குத் தனி கேம்பெய்ன் (கதையா வரிசையா ஆடுற போர்கள்). படையாட்கள் பேசுறதே தமிழ்! உருமிங்கிற வளையுற வாளைச் சுழற்றுற வீரன், திரிசடைங்கிற பெரிய போர்க்கப்பல் எல்லாம் உண்டு. ஆனா நைட்ங்கிற கவசக் குதிரை வீரன் கிடையாது, அதான் கடுப்பு. பெங்களூரு அல்சூர்ல எங்க ரூம்ல சனிக்கிழமை ராத்திரியானா இதுதான் ஓடும், பக்கத்து ரூம் கன்னடப் பையனே இப்போ திராவிடர்தான் எடுக்கிறான்.

2025 பிப்ரவரியில வந்த இன்னொரு கேம் சிவிலைசேஷன் 7லயும் சோழர் இருக்காங்க. ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் அடுத்த பாகத்துக்கு நானும்தான் காத்திருக்கேன், ஆனா 'முதல்முறை'ங்கிறத மட்டும் எடுத்துடுங்க.