மூன்று பஸ் ஒன்றாக வருவது டிரைவர்கள் வேலையா?

"அரை மணி நேரம் பஸ்ஸே வராது, அப்புறம் மூன்று சேர்ந்து வரும். டிரைவர்கள் பேசி வைத்துச் செய்வது" என்று ஒரு வாட்ஸ்அப் செய்தி சுற்றுகிறது. எரிச்சல் நியாயம்தான், காரணம் தவறு. முதல் பஸ் சிக்னலில் 2 நிமிடம் நின்றால் போதும், அடுத்த நிறுத்தத்தில் கூட்டம் சேர்ந்துவிடும். எல்லோரும் முட்டி மோதி ஏறி முடிப்பதற்குள் இன்னும் தாமதம். பின்னால் வரும் பஸ்ஸுக்கோ ஏற ஆளே இல்லை. விறுவிறுவென வந்து ஒட்டிக்கொள்ளும். நியூவெல், பாட்ஸ் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 1964-லேயே இதைக் கணக்குப் போட்டுக் காட்டிவிட்டார்கள். பல போக்குவரத்து நிர்வாகங்கள் பஸ்களின் நேரடி இருப்பிடத்தைப் பொதுவில் வெளியிடுகின்றன. இடைவெளி சுருங்குவதை அதில் நீங்களே பார்க்கலாம். வழியில் பஸ்ஸைச் சற்று நிறுத்தி இடைவெளியைச் சரிசெய்ய வேண்டியது நிர்வாகம். கேள்வியை அங்கே கேளுங்கள், டிரைவரிடம் அல்ல. அந்தச் செய்தியை இனி யாருக்கும் அனுப்ப வேண்டாம்.