நாயகி இருக்கட்டும், கூட வந்தவளைப் பற்றிப் பேசுவோம்

2022இல் 'பொன்னியின் செல்வன்' படம் வந்ததிலிருந்து வீட்டுக்கு வருகிற இளசுகள் எல்லாம் கேட்கிற கேள்வி ஒன்றுதான்: "ஆன்ட்டி, நீங்க குந்தவை கட்சியா, நந்தினி கட்சியா?" கேட்கிறதில் பாதிப் பேர் புத்தகத்தைத் தொட்டதில்லை. பரவாயில்லை, கேட்கவாவது செய்கிறார்கள். நான் ரெண்டு கட்சியும் இல்லை. என் ஓட்டு படகுக்காரி பூங்குழலிக்கும் ஊமை மந்தாகினிக்கும். அடுத்து கடம்பூர் மணிமேகலைக்கு. இவர்களில் ஒருத்திகூட சரித்திரக் கதையின் கணக்கில் 'கதாநாயகி' கிடையாது.

ஏன் என்று கொஞ்சம் நீட்டியே சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

வாரப் பத்திரிகையில் வந்த தொடர்கதைகளை வாராவாரம் கிழித்துச் சேர்த்து பைண்டு பண்ணி வைக்கிற வீடு எங்கள் வீடு. ஊசி நூலால் தைத்து, காக்கி அட்டை ஒட்டி, முதுகில் அம்மா மையால் பெயர் எழுதியிருப்பாள். சில அத்தியாயங்களுக்கு நடுவில் பக்கம் இருக்காது, யாரோ இரவல் வாங்கிப்போய்த் திருப்பித் தராத வாரம். அந்த ஓட்டையை வீட்டுப் பெண்கள் வாயாலேயே நிரப்புவார்கள். அப்படி நிரப்பும்போது யாரும் கதாநாயகியின் கண் எப்படி இருந்தது, இடை எப்படி இருந்தது என்று சொன்னதாக எனக்கு ஞாபகமே இல்லை. "அப்புறம் அவ படகை எடுத்துக்கிட்டு ராத்திரியே கிளம்பிட்டா" என்பார்கள். என்ன செய்தாள் என்பதுதான் வாய்வழியாகக் கடந்து வரும். வர்ணனை அந்தப் பழைய தாளோடு கரையான் தின்றுவிட்டது.

அப்போது எனக்குப் பிடிபட்ட ஒரு அளவுகோல் இன்றுவரை கைகொடுக்கிறது. கதாநாயகன் அந்தப் பக்கத்தில் இல்லாதபோது அவளுக்கு என்ன வேலை? வேலை இருந்தால் அவள் நிற்பாள். அவன் வருகிற வழியைப் பார்த்துக்கொண்டு மாடத்தில் நிற்பது மட்டும்தான் வேலை என்றால் புத்தகத்தை மூடின கையோடு மறந்துபோவாள்.

இந்த அளவுகோலில் குந்தவை தாராளமாகத் தேறுவாள். ஆதுரசாலை வைக்கிறாள், அரசியல் பண்ணுகிறாள், தம்பியின் எதிர்காலத்தைத் தீர்மானிக்கிறாள். கல்கி சும்மா கிளப்பிவிட்டதும் இல்லை. தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டில் ராஜராஜனே "நாங்குடுத்தனவும் நம் அக்கன் குடுத்தனவும் நம் பெண்டுகள் குடுத்தனவும்" என்று வரிசை போட்டுச் சொல்கிறான். அக்கா கொடுத்தது பெண்டாட்டிமார் கொடுத்ததற்கு முன்னால் வருகிறது, கவனித்தீர்களா? நந்தினிக்கும் வேலைக்குப் பஞ்சமில்லை. அவள் இல்லையென்றால் அந்தக் கதையில் பாதி நகராது. எனக்கு அவர்களோடு சண்டை எதுவும் இல்லை. அவர்களைப் பற்றி ஊரே பேசுகிறது, நான் வேறு எதற்கு?

வானதி விஷயம் வேறு. எங்கள் பெரியம்மை ஒரே வரியில் முடித்துவிடுவாள்: "ரெண்டு மட்டம் மயங்கி விழுவா, மூணாம் மட்டம் கல்யாணம்." கொஞ்சம் கடுமையான தீர்ப்புதான். பூங்குழலி குத்திக் காட்டியதும், 'நான் சிங்காதனத்தில் ஏறவே மாட்டேன்' என்று வானதி சபதம் போடுகிற இடம் இருக்கிறதே, அங்கே அந்தப் பிள்ளைக்கும் முதுகெலும்பு முளைக்கிறது. ஆனால் முளைக்க வைத்தது யார்? பூங்குழலி.

பூங்குழலியைப் பற்றிக் கடற்கரைச் சினேகிதி ஒருத்தி சொன்னதைச் சொல்லாமல் இருக்க முடியாது. முட்டம் பக்கம் அவளுக்கு ஊர். அவள் அம்மா கடவத்தைத் தலையில் வைத்து வீடு வீடாக மீன் விற்று மூன்று பிள்ளைகளைக் கரையேற்றியவர். "எந்தக் கடப்புறத்துலயாவது வயசுப் பிள்ளையை ராத்திரி தனியா வள்ளத்துல விடுவாவளா? ஆனா அந்த வாய் இருக்குல்லா, அது எங்க ஊரு வாய்தான்" என்றாள். எனக்கும் அதே எண்ணம்தான். கோடிக்கரையிலிருந்து இலங்கைக்கு ஒரு பெண் ஒற்றையாகத் துடுப்புப் போட்டாளா என்பதை ஆராய்ச்சிக்காரர்கள் பார்த்துக்கொள்ளட்டும். இளவரசனைப் பற்றிய கனவையும் வைத்துக்கொண்டு, அந்தக் கனவை நம்பி ஏமாறாத புத்தியும் வைத்துக்கொண்டு, வந்தியத்தேவனை எடுத்தெறிந்து பேசுகிற வாயும் வைத்திருக்கிறாளே, அதை வாசலில் மீனுக்கு விலை பேசுகிறபோது நான் நேரில் கேட்டிருக்கிறேன். கடைசியில் அவள் சேந்தன் அமுதனைக் கட்டிக்கொண்டதில் என் அம்மாவுக்குக் கடைசிவரை வருத்தம். எனக்கு இல்லை. அந்தப் புத்தகத்திலேயே நிம்மதியாகத் தூங்கக்கூடிய ஒரே ஆண்பிள்ளை அவன்தான்.

மந்தாகினிக்குப் பேச்சே கிடையாது. ஊமை. ஐந்து பாகக் கதையில் எல்லாரும் பேசித் தள்ளுகிறார்கள், தூது, சதி, சபதம், பாட்டு. பேசாத ஒருத்தி வந்து சுந்தர சோழர்மேல் பாய வேண்டிய வேலைத் தன் உடம்பில் வாங்கிக்கொண்டு போகிறாள். மணிமேகலையும் அப்படித்தான். அவள் காதலித்தவனுக்கு அவள் மேல் காதல் இல்லை. இருந்தும் கல்கி அந்தப் பெரிய கதையைப் பட்டாபிஷேகத்தோடு நிறுத்தாமல் அவள் சாவில் கொண்டுபோய் நிறுத்தினார். கடைசி அத்தியாயத்தின் பெயரே 'மலர் உதிர்ந்தது'. எழுதியவருக்கே தெரிந்திருக்கிறது, வாசகர்களின் மனசில் கடைசியாக யார் தங்க வேண்டும் என்று.

பார்த்திபன் கனவிலும் எனக்கு இதே கதைதான். சக்கரவர்த்தி மகள் குந்தவி ஒரு பார்வையில் மனசைக் கொடுத்துவிட்டு மீதிப் பக்கமெல்லாம் தவிக்கிறாள். தோணித்துறையில் பொன்னனும் வள்ளியும் சோறு பொங்கி, சண்டை போட்டு, இளவரசனுக்காக உயிரைக் கொடுக்கத் துணிந்து நிற்கிறார்கள். வள்ளி வாயைத் திறந்தால் பொன்னன் அடங்கிவிடுவான். அந்தக் குடிசையில் நடக்கிற பேச்சுக்காகவே அந்தப் புத்தகத்தைத் திரும்ப எடுப்பேன். 'சிவகாமியின் சபதம்' சிவகாமியை மட்டும் இந்தக் கணக்கில் சேர்க்க மாட்டேன். வாதாபி எரியாமல் அங்கிருந்து வர மாட்டேன் என்ற சபதம் முழுக்க அவளுடையது, அதற்கான விலையைக் கொடுத்ததும் அவளே.

சாண்டில்யன் ரசிகர்கள் சண்டைக்கு வர வேண்டாம். கடலையும் கப்பலையும் போரையும் அவர் எழுதினால் உப்புக்காற்று முகத்தில் அடிக்கும். ஆனால் கடல் புறாவில் காஞ்சனாதேவிக்கு வாள் பிடிக்கத் தெரியும் என்பதை ஒரு வரியில் சொல்லிவிட்டு அவள் உடம்பைப் பற்றி எத்தனை பக்கம்! அமீரும் கண்டியத்தேவனும் அகூதாவும் என் தலைக்குள் இன்றைக்கும் நடமாடுகிறார்கள். அவர்களை வர்ணிக்க அவருக்கு நேரமில்லை, வேலை கொடுத்துவிட்டார். அதனால் பிழைத்தார்கள்.

சரி, நம்ம குமரி மாவட்டத்துக்கு வருவோம்.

சோழநாட்டுக் கதைகளைப் படிக்கும்போது நமக்குக் காவேரி, பழையாறை, கோடிக்கரை எல்லாம் கேள்விப்பட்ட ஊர்தான். நா. பார்த்தசாரதியின் 'பாண்டிமாதேவி'யைப் பிரித்தபோதுதான் எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. குமரி, கோட்டாறு, சுசீந்திரம், முன்சிறை, விழிஞம், பறளியாறு. பஸ்ஸில் போகிற ஊரெல்லாம் ராஜா காலத்தில் இருக்கிறது! நாலு பேரில் ஒருத்தருக்குக்கூட இந்தப் புத்தகம் நம்ம மண்ணில் நடக்கிறது என்று தெரியாது. அதிலும் பெரிய பெயரெல்லாம் வானவன்மாதேவிக்கும் மகாமண்டலேசுவரர் மகள் குழல்வாய்மொழிக்கும். என் மனசில் இருப்பவர்கள் முன்சிறை அறக்கோட்டத்து அண்டராதித்தனும் கோதையும். வழிப்போக்கர்களுக்குச் சோறும் படுக்க இடமும் கொடுக்கிற தம்பதி. ராஜ்யம் ஆடிப்போகிற நேரத்திலும் அந்த இடத்தில் இலை போட்டாக வேண்டும். இன்னொருத்தி பகவதி, தளபதி வல்லாளதேவனின் தங்கை. ஆண் வேடம் போட்டுக் கப்பலேறி இலங்கைக்கே போகிறாள். அவளுக்குக் கொடுத்த முடிவில் எனக்கு இன்னும் கோபம் உண்டு. படிக்காதவர்களுக்காக அதைச் சொல்லாமல் விடுகிறேன்.

இப்போது சுபத்திரை. இந்தப் பதிவே அவளுக்காகத்தான்.

சி. வி. ராமன் பிள்ளையின் 'மார்த்தாண்ட வர்மா', 1891இல் வந்தது, மலையாளத்தின் முதல் சரித்திர நாவல். கதை திருவனந்தபுரத்துக்கும் நம்ம பத்மநாபபுரம், சாரோடு, வேளிமலைக்கும் நடுவில் ஓடுகிறது. தொடக்கத்திலேயே பஞ்சவன் காட்டில் வெட்டுப்பட்டுக் கிடக்கிறான் அனந்தபத்மநாபன். அவனுக்காகக் காத்திருக்கிற காதலி பாறுக்குட்டி. நல்ல பிள்ளை, அழகான பிள்ளை, அவன் சாகவில்லை என்று நம்பிக்கொண்டே நோயில் விழுகிறாள். நாயகி என்ற நாற்காலி அவளுக்கு. ஆனால் புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு போகிறவள் சுபத்திரை. புருஷன் சந்தேகப்பட்டு விட்டுவிட்டுப் போனவன். போனவன் முஸ்லிமாகி, பீராம்கான் என்ற பெயரில் அதே கதைக்குள் திரும்பி வருகிறான். ஊர் அவளைப் பற்றி என்னவெல்லாமோ பேசுகிறது. அவள் அதைக் காதில் வாங்கியும் வாங்காத மாதிரி, ராஜகுடும்பத்தை எதிர்த்த பிரபுக்களான எட்டுவீட்டுப் பிள்ளைமார் என்ன சதி செய்கிறார்கள் என்பதை மோப்பம் பிடித்து இளவரசர் மார்த்தாண்ட வர்மாவைக் காப்பாற்றுகிறாள். பாறுக்குட்டியின் உயிர் பிழைக்க மருந்து வரவும் அவளே காரணம். கடைசியில் தன் குடும்பத்துக் காரணவர், அதாவது வீட்டை ஆளுகிற மூத்த ஆண், கையாலேயே வெட்டுப்பட்டுச் சாகிறாள்.

இந்தக் கதையின் மூலச்சண்டையே நம்ம ஊர்க்காரர்களுக்குச் சுலபமாகப் புரியும். மருமக்கள்வழியில் ராஜாவின் மகனுக்குப் பட்டம் கிடையாது, சகோதரி மகனுக்குத்தான். திருவிதாங்கூர் ராமவர்மா மகாராஜாவின் மகன்களான தம்பிமார் அதை எதிர்த்து நின்றார்கள். மருமகனான மார்த்தாண்ட வர்மா 1729இல் பட்டத்துக்கு வந்தார். நாஞ்சில் நாட்டு வெள்ளாளர்களிலும் இந்த முறை இருந்ததால்தான் கவிமணி 'நாஞ்சில் நாட்டு மருமக்கள்வழி மான்மியம்' பாடினார். அதைச் சொல்கிறவள் யார்? ஒரு காரணவருக்கு வாழ்க்கைப்பட்ட ஐந்தாவது மனைவி. சரித்திரக் கதை கிடையாது, காதல் கதை சுத்தமாகக் கிடையாது. ஆனாலும் அந்தப் பெண்ணின் குரலுக்கு நிகராக ஒரு குரல் நம்ம சரித்திர நாவல்களில் எனக்குக் கிடைத்ததில்லை. சொத்து பெண்வழியில் இறங்குகிற ஊரில் பெண்ணின் பெயரைச் சொல்லி எல்லாம் நடக்கும், முடிவெடுக்கிறவர் மட்டும் காரணவர். சுபத்திரையை வெட்டிய கையும் ஒரு காரணவர் கைதான் என்பதை இதோடு சேர்த்துப் படியுங்கள்.

'மார்த்தாண்ட வர்மா' நாவல் ராஜாவின் பக்கம் நின்று சொல்கிறது. அதே சண்டையைத் தம்பிமார் பக்கம் நின்று சொல்கிற கதையும் நம்மிடம் இருக்கிறது, அதுவும் தமிழில். கோயில் கொடைகளில் வில்லில் பாடுகிற 'தம்பிமார் கதை'. அதில் இவ்வளவு ரத்தத்துக்கும் தொடக்கம் ஒரு கல்யாணப் பேச்சு. மார்த்தாண்ட வர்மா தம்பிமாரின் தங்கையைக் கேட்கிறார். அவள் வயிற்றுப் பிள்ளைக்குப் பட்டம் என்றால் தருகிறோம் என்கிறார்கள் அண்ணன்மார். அவர் மறுக்கிறார். அப்புறம் நாகர்கோவிலில் தம்பிமார் வெட்டுப்படுகிறார்கள், தங்கையும் உயிரை விடுகிறாள். அந்த இடம் வரும்போது உடுக்கு அடிக்கிற கை வேகம் குறையும். பின்பாட்டுக்காரர் வரியை இழுத்து இழுத்துப் பாடுவார். முன்வரிசையில் உட்கார்ந்திருக்கும் கிழவிகள் வெற்றிலை மெல்லுவதை நிறுத்திவிடுவார்கள். ராஜா பெயர் வந்தால் நிறுத்தாதவர்கள், தங்கை பெயர் வந்தால் நிறுத்துகிறார்கள்.

எனக்கு இருக்கிற குறை இதுதான். அந்தத் தங்கையிடம் யாராவது கேட்டார்களா? ராஜாவைப் பிடித்திருந்ததா? சின்ன வயதில் ஒரே கொட்டாரத்தில் (அரண்மனையில்) பார்த்துப் பழகியவர்களா? அண்ணன்மார் போட்ட நிபந்தனை அவளுக்குத் தெரியுமா? பாட்டில் பதில் இல்லை. காதல் கதைக்கு இதைவிட என்ன கரு வேண்டும்? எட்டுவீட்டுப் பிள்ளைமாரை ஒழித்த பிறகு அந்த வீட்டுப் பெண்களையும் பிள்ளைகளையும் கடற்கரை மீனவர்களிடம் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டார்கள் என்று வழிவழியாகச் சொல்லி வருகிறார்கள். அப்படிப் போன ஒருத்தி கொளச்சல் பக்கத்துக் குடிசை ஒன்றில் இருந்துகொண்டு 1741இல் டச்சுக்காரர்கள் தோற்ற பீரங்கிச் சத்தத்தைக் கேட்டிருந்தால், அவள் யார் ஜெயிக்க வேண்டும் என்று வேண்டியிருப்பாள்?

பத்மநாபபுரம் அரண்மனையிலேயே பழைய பகுதி தாய்க்கொட்டாரம். செதுக்கின பலாமரத் தூண் இருக்கிற இடம். போகிறவர்கள் எல்லாரும் தூணைப் போட்டோ எடுக்கிறார்கள், நானும் எடுத்திருக்கிறேன். எந்த நாவலைப் படித்தாலும் ராஜா எந்த வாசல் வழியாக வந்தார் என்று தெரிகிறது. தாய்க்கொட்டாரத்துக்குள் அன்றைக்கு ராத்திரி என்ன பேச்சு நடந்தது என்று எழுதினவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம்.

நம்ம மாவட்டத்தில் எழுதுகிற பிள்ளைகள் நிறையப் பேர் இந்தப் பக்கத்தில் இருக்கிறீர்கள். பாதிப் பேர் சோழனைப் பற்றி எழுதிக்கொண்டிருக்கிறீர்கள், தெரியும். தஞ்சாவூர்க்காரர்கள் அதைப் பார்த்துக்கொள்வார்கள். தம்பிமார் தங்கையை யாராவது எழுதினால் முதல் பிரதி நான் காசு கொடுத்தே வாங்குகிறேன். ஒரே ஒரு நிபந்தனை: அவள் இடையை வர்ணிக்க அரைப் பக்கத்துக்கு மேல் எடுக்கக் கூடாது.

கமெண்டில் உங்கள் ஆளைச் சொல்லுங்கள். குந்தவை, நந்தினி தவிர.