பணம் வரும் தேதியைக் கேளுங்கள்

மத்திய பட்ஜெட் நெருங்கினாலே சிறுதொழில் சங்கங்களின் கோரிக்கை மனுக்கள் தில்லிக்குப் போகத் தொடங்கிவிடும். ஒவ்வொன்றிலும் பத்துப் பதினைந்து கோரிக்கைகள் இருக்கும். மானியம், வட்டிக் குறைப்பு, மின் கட்டணம், தொழிற்பேட்டைச் சாலை என்று எல்லாமே நியாயமானவைதான். ஆனால் மனுவை வாங்கும் அதிகாரி எந்தக் கோப்பில் எந்த வரியை மாற்ற வேண்டும் என்பது மட்டும் அதில் இருக்காது. "சிறு நிறுவனங்களுக்கு உரிய காலத்தில் பணம் கிடைக்க ஆவன செய்ய வேண்டும்" என்று எழுதினால், "அதற்குத்தான் சட்டம் இருக்கிறதே" என்று பதில் வரும். அந்தப் பதிலில் தவறும் இல்லை. 2006-லிருந்தே சட்டம் இருக்கிறது.

எனவே இந்த ஒரு கோரிக்கையை மட்டும் எடுத்துக்கொண்டு, அது எங்கே சிக்கி நிற்கிறது, யாரிடம் எப்படிக் கேட்டால் நகரும் என்று எழுதுகிறேன். சங்கப் பொறுப்பில் இருப்பவர்கள் பொறுமையாகப் படிக்க வேண்டும்.

முதலில் இருக்கும் சட்டம். குறு, சிறு, நடுத்தர நிறுவனங்கள் வளர்ச்சிச் சட்டம், 2006. அதன் 15-ம் பிரிவுப்படி எழுத்துப்பூர்வ ஒப்பந்தம் இருந்தால் அதில் சொன்ன தேதிக்குள் பணம் தர வேண்டும். எப்படி இருந்தாலும் சரக்கை ஏற்றுக்கொண்ட நாளிலிருந்து 45 நாளைத் தாண்டக் கூடாது. ஒப்பந்தமே இல்லையென்றால் 15 நாள். "எங்கள் கம்பெனியில் 90 நாள்தான்" என்று பர்ச்சேஸ் ஆர்டரில் அச்சடித்திருந்தாலும் சட்டத்தின் முன் அது 45 நாள்தான். தாமதித்தால் 16-ம் பிரிவுப்படி ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வங்கி விகிதத்தின் மூன்று மடங்கு வட்டி, மாதாமாதம் கூட்டு வட்டியாக. 2023–24-ல் வங்கி விகிதம் 6.75 சதவீதம், மூன்று மடங்கு 20.25. அந்தக் கணக்கில் 4 லட்சம் ரூபாய் பில் கெடு தாண்டி ஆறு மாதம் கிடந்தால் வட்டி மட்டும் 42,000 ரூபாய்க்கு மேல்.

இந்த வட்டியைக் கேட்டு வாங்கும் சிறு நிறுவனங்கள் மிகக் குறைவு. காரணம் எல்லோருக்கும் தெரியும். கேட்டால் அடுத்த ஆர்டர் வராது. 2017 அக்டோபரில் தொடங்கிய சமாதான் இணையதளத்தில் புகார் போடலாம், அது இந்தப் புகார்களை விசாரிக்கும் மாநில வசதியாக்கக் கவுன்சிலுக்குப் போகும், கவுன்சில் 90 நாளில் முடிக்க வேண்டும் என்று 18-ம் பிரிவு சொல்கிறது. தீர்ப்பை எதிர்த்துப் போகும் வாங்குபவர் தொகையில் 75 சதவீதத்தை முதலில் கட்டிவிட்டுத்தான் நீதிமன்றம் போக முடியும். எழுத்தில் பார்த்தால் பலமான சட்டம். ஆனால் புகார் கொடுத்தால்தான் அசையும் சட்டம் இது. வேலை தரும் ஒரே பெரிய பார்ட்டியை நம்பி ஐந்து மிஷின் ஓட்டுபவர் அந்தப் பார்ட்டி மேலேயே புகார் கொடுப்பது கடையை மூடத் தீர்மானித்த பிறகுதான்.

இதைப் புரிந்துகொண்டுதான் 2023 நிதிச் சட்டத்தில் வருமான வரிச் சட்டத்தின் 43பி பிரிவில் (எச்) என்ற உட்பிரிவைச் சேர்த்தார்கள். குறு, சிறு நிறுவனத்துக்குத் தர வேண்டிய பணத்தைக் கெடுவுக்குள் தராவிட்டால், வாங்குபவர் அந்தச் செலவைப் பணம் கொடுக்கும் ஆண்டில்தான் தன் வரிக்குரிய வருமானத்திலிருந்து கழித்துக்கொள்ள முடியும். 2023–24 நிதியாண்டின் கணக்கிலிருந்தே இது அமலுக்கு வந்தது. யாரும் புகார் கொடுக்க வேண்டாம், வாங்குபவரின் ஆடிட்டரே துரத்துவார். யோசனை நல்லது. 2024 பிப்ரவரி, மார்ச்சில் பல வருடம் தேங்கிய பாக்கிகூட வந்ததாகச் சொன்னவர்கள் உண்டு.

ஆனால் அதில் பெரிய ஓட்டை ஒன்று இருக்கிறது. மே 5-ல் சரக்கு ஏற்கப்பட்டது என்று வையுங்கள். 45 நாள் கெடு ஜூன் 19. வாங்குபவர் அடுத்த மார்ச் 28-ல் பணம் தருகிறார். 282 நாள் தாமதம். வருமான வரியில் அவருக்கு ஒரு பைசா பாதிப்பு இல்லை, ஏனென்றால் அதே நிதியாண்டுக்குள் கொடுத்துவிட்டார். மார்ச் 31-ல் நிலுவையில் நிற்கும், கெடு தாண்டிய பாக்கியைத்தான் இந்தப் பிரிவு தொடுகிறது. ஆக ஆண்டுக்கு ஒரு தடவைதான் கடிக்கும். ஏப்ரலிலிருந்து பிப்ரவரி வரை சம்பளம், மின்கட்டணம், தீபாவளி போனஸ் எல்லாம் ஓடி முடிந்த பிறகு மார்ச்சில் வரும் பணம் ஓவர்டிராஃப்டை அடைக்கத்தான் உதவும்.

இன்னொரு ஓட்டை, வருமான வரியே கட்டாத வாங்குபவர்கள். அரசுத் துறைகள், நகராட்சிகள், மாநகராட்சிகள். இவர்களுக்குச் செலவைக் கழிப்பது என்ற பேச்சே இல்லை, எனவே 43பி (எச்) இவர்களைச் சீண்டாது. சிறு நிறுவனங்களின் பணம் பெருமளவு தேங்கும் இடங்களில் இவையும் உண்டு.

இதோடு ஜிஎஸ்டியைச் சேர்த்துப் பாருங்கள், வலி எங்கே என்று தெரியும். கோவை கணபதியிலோ ஆவாரம்பாளையத்திலோ நான்கு லேத், ஒரு மில்லிங் வைத்துக் கூலிக்கு வேலை செய்யும் பட்டறையை எடுத்துக்கொள்வோம். இரும்பு பார்ட்டியுடையது, கூலி மட்டும் இவருடையது. இந்த வகை ஜாப் ஒர்க்குக்கு 12 சதவீதமாக இருந்த வரி 2025 செப்டம்பர் 22 முதல் 18 ஆகிவிட்டது. அக்டோபர் 10-ல் 2,00,000 ரூபாய்க்குக் கூலி பில் போடுகிறார். வரி 36,000, மொத்தம் 2,36,000. மாதாந்திர ரிட்டன் என்றால் நவம்பர் 20-க்குள் அந்த 36,000 கட்டியாக வேண்டும், பார்ட்டி பணம் தந்தாரா இல்லையா என்று யாரும் கேட்பதில்லை. அதே நவம்பரில் பார்ட்டி அந்த 36,000-ஐ உள்ளீட்டு வரியாக, அதாவது கொள்முதல் மீதான வரியாக, தான் கட்ட வேண்டிய ஜிஎஸ்டியில் கழித்துக்கொள்கிறார். பணம் மார்ச்சில் வருகிறது. அதாவது பட்டறைக்காரர் தன் கையிலிருந்து கட்டிய 36,000 ரூபாயை நான்கு மாதம் பார்ட்டி அனுபவிக்கிறார், இவரோ அதற்குக் கந்துவட்டி கொடுக்கிறார். பொருள் விற்பவருக்காவது தான் வாங்கிய மூலப்பொருளின் வரி கழியும். கூலிக்காரரின் செலவில் பெரும்பங்கு சம்பளமும் கரண்டும். இரண்டிலும் கழிக்க ஜிஎஸ்டி கிடையாது. டூல் பிட், கூலன்ட், கொஞ்சம் ஸ்பேர், அவ்வளவுதான் கழியும். பார்ட்டி முழுவதையும் கழித்துக்கொள்வதால் 12-லிருந்து 18 ஆக்கியதில் அரசுக்குப் பெரிய லாபமும் இல்லை. கூலிக்காரர் முன்கூட்டிக் கட்டும் பணம் மட்டும் 24,000-லிருந்து 36,000 ஆனது.

"வரியைக் குறையுங்கள்" என்று கேட்பதைவிட இந்தத் தேதிகளைச் சரிசெய்யச் சொல்லிக் கேட்பது அரசுக்கும் எளிது, நமக்கும் நிலைக்கும் என்பது என் கருத்து. அதற்கான கைப்பிடி ஜிஎஸ்டி சட்டத்திலேயே இருக்கிறது. மத்திய ஜிஎஸ்டி சட்டம் 16(2)-ன் இரண்டாவது காப்பு வாசகம்: பில் தேதியிலிருந்து 180 நாளுக்குள் விற்பவருக்குப் பணம் தராவிட்டால், எடுத்த உள்ளீட்டு வரியை வட்டியுடன் திருப்பிக் கட்ட வேண்டும், பிறகு பணம் கொடுத்ததும் மீண்டும் எடுத்துக்கொள்ளலாம். செய்முறை 37-ம் விதியில் இருக்கிறது. ஒரு சட்டம் 45 நாள் என்கிறது, இன்னொரு சட்டம் 180 நாள் பொறுத்துக்கொள்கிறது. கோரிக்கை இவ்வளவுதான்: விற்பவர் உத்யம் பதிவு (சிறு நிறுவனங்களுக்கான மத்திய அரசுப் பதிவு) பெற்ற குறு அல்லது சிறு நிறுவனமானால் அந்த 180 நாளை 45 ஆக்குங்கள். அப்படி ஆனால் அக்டோபர் பில்லுக்கு டிசம்பர் ரிட்டனிலேயே உறைக்கும், மார்ச் வரை காத்திருக்க வேண்டாம். அரசுக்கும் வரி இழப்பில்லை.

எதிர்வாதமும் வரும், அதற்கும் மனுவிலேயே பதில் இருக்க வேண்டும். வாங்குபவரும் சிறியவராக இருந்தால் அவரையும் இது நெரிக்கும். உண்மைதான். அதனால் ஆண்டு விற்பனை 5 கோடிக்கு மேல் உள்ள வாங்குபவர்களிடம் முதலில் அமல்படுத்தச் சொல்லலாம். 2023 ஆகஸ்ட் முதல் இ-இன்வாய்ஸ் (அரசுத் தளத்தில் பதியும் பில்) கட்டாயமாக இருக்கும் எல்லையும் அதுதான், புதிதாக யாரையும் பிரித்தெடுக்கத் தேவையில்லை. "இப்படி நெருக்கினால் பெரிய கம்பெனிகள் சிறியவர்களை விட்டு நடுத்தர நிறுவனத்திடமும் வியாபாரியிடமும் போய்விடும்" என்பது அடுத்த வாதம். 43பி (எச்) வந்தபோது ஜவுளித் துறையில் இந்தப் பயம் பெரிதாக எழுந்தது, உத்யம் பதிவை ரத்துசெய்யச் சொல்லி சப்ளையர்களை நெருக்கியதும் நடந்தது. இதற்கு மருந்து பாதுகாப்பை எடுப்பது அல்ல, அகலமாக்குவது. நடுத்தர நிறுவனத்துக்கும் இதே கெடுவைக் கொடுத்துவிட்டால் மாற்றிக்கொண்டு ஓட இடம் குறையும். வெளிநாட்டுப் பணம் 90 நாளில்தான் வருகிறது என்று சொல்லும் ஏற்றுமதியாளருக்கு பில் டிஸ்கவுன்டிங் (பில்லைக் காட்டி முன்கூட்டியே பணம் வாங்குவது) இருக்கிறது, அதை இணையத்தில் நடத்தும் டிரெட்ஸ் தளங்கள் இருக்கின்றன. 250 கோடிக்கு மேல் விற்பனை உள்ள கம்பெனிகள் 2025 மார்ச் 31-க்குள் டிரெட்ஸில் சேர்ந்தாக வேண்டும் என்று அறிவிக்கையே இருக்கிறது. சேர்வது மட்டும்தான் கட்டாயம், பில்லை ஏற்றி ஏற்பு கொடுப்பது கட்டாயமில்லை என்பதையும் மனுவில் ஒரு வரி எழுதுங்கள்.

இப்போது எந்தக் கதவு. 180 நாள் என்பது விதியில் மட்டும் இல்லை, சட்டத்திலேயே இருக்கிறது. அதனால் ஜிஎஸ்டி கவுன்சில் பரிந்துரைத்து, நிதி மசோதாவில் வந்து, பிறகு மாநிலங்களும் தங்கள் ஜிஎஸ்டி சட்டத்தைத் திருத்த வேண்டும். கவுன்சிலில் மத்திய அரசின் வாக்குக்கு மூன்றில் ஒரு பங்கு எடை, எல்லா மாநிலங்களுக்கும் சேர்த்து மூன்றில் இரண்டு. முடிவுக்கு நான்கில் மூன்று பங்கு வேண்டும். தமிழ்நாடு மட்டும் கேட்டு நடக்காது. ராஜ்கோட், லூதியானா, புனே சங்கங்களும் அதே வாசகத்தைத் தங்கள் மாநில நிதியமைச்சரிடம் கொடுத்தால்தான் நகரும். வரி விகிதம் பற்றிய மனு அதிகாரிகளின் பிட்மென்ட் கமிட்டிக்குப் போகும், சட்ட வாசகம் பற்றியது லா கமிட்டிக்குப் போகும். இரண்டையும் ஒரே மனுவில் கலந்து கொடுத்தால் எந்தப் பக்கமும் சேராமல் கிடக்கும். தனித்தனியாகக் கொடுங்கள்.

வருமான வரி ஓட்டைக்கு நிதியமைச்சகம்தான். பிப்ரவரி 1-ல் பட்ஜெட் என்றால் ஜனவரியில் போய் நிற்பதில் பயனில்லை, அக்டோபர், நவம்பரிலேயே காகிதம் உள்ளே இருக்க வேண்டும். 2026 ஏப்ரல் 1 முதல் புதிய வருமான வரிச் சட்டம், 2025 அமலாவதால் பிரிவு எண்கள் மாறுகின்றன. பழைய எண்ணை மட்டும் எழுதாமல் புதிய சட்டத்தின் எண்ணையும் ஆடிட்டரிடம் சரிபார்த்துப் போடுங்கள்.

தில்லியைக் கேட்காமல் சென்னையிலேயே முடியும் வேலையும் இருக்கிறது, அதை நாம் போதுமான அளவு கேட்பதில்லை. வசதியாக்கக் கவுன்சிலை அமைப்பது 20-ம் பிரிவுப்படி மாநில அரசு. கூடுதல் கவுன்சில், முழுநேரப் பணியாளர், 90 நாளைத் தாண்டிய வழக்குகளின் பட்டியலை மாதம்தோறும் வெளியிடுவது, இவையெல்லாம் மாநிலத்தின் கையில். மாநிலப் பொதுத்துறை நிறுவனங்களும் உள்ளாட்சிகளும் 45 நாளைத் தாண்டிய பில்களின் எண்ணிக்கையையும் தொகையையும் மாதம் ஒருமுறை இணையத்தில் போட வேண்டும் என்று ஓர் அரசாணை போதும். சட்டத் திருத்தம் தேவையில்லை. வருமான வரி கடிக்காத இடத்தில் வெளிச்சமாவது கடிக்கட்டும்.

மனுவுக்குப் பலம் தருவது இணைப்பில் இருக்கும் கணக்குதான். முப்பது உறுப்பினர்களிடம் ஆளுக்குக் கடைசிப் பத்துப் பில்லைக் கேளுங்கள், முந்நூறு பில் கிடைக்கும். ஒரு எக்ஸெல் தாளில் பில் தேதி, சரக்கு ஏற்ற தேதி, தொகை, ஜிஎஸ்டி கட்டிய தேதி, பணம் வந்த தேதி. வாங்குபவர் பெயர் வேண்டாம். "தனியார் லிமிடெட்", "மாநிலப் பொதுத்துறை", "நகராட்சி" என்று வகை மட்டும். பெயர் கேட்டால் பாதிப் பேர் தர மாட்டார்கள். சராசரி நாளைப் போடாதீர்கள், ஒன்றிரண்டு பழைய பாக்கி அதை இழுத்துவிடும். 45-க்குள் எத்தனை, 46 முதல் 90 வரை எத்தனை, 180-க்கு மேல் எத்தனை என்று எண்ணிக்கையாகக் கொடுங்கள்.

பெரும்பாலும் தவறு நடப்பது இங்கேதான். தரம் சரியில்லை என்று திருப்பிய சரக்கின் பில்லையும் தாமதப் பட்டியலில் சேர்த்துவிடுவார்கள். எதிர்த்தரப்பு அந்த ஒன்றைக் காட்டி மொத்தத்தையும் தள்ளிவிடும். 15 நாளுக்குள் எழுத்தில் ஆட்சேபம் வந்த பில்லைத் தனியாக வையுங்கள். வியாபாரிகளின் பில்லைச் சேர்க்காதீர்கள். 2021 ஜூலையில் அவர்களுக்கு உத்யம் திறந்துவிட்டது முன்னுரிமைக் கடனுக்காக மட்டுமே, 45 நாள் பாதுகாப்பு அவர்களுக்கு இல்லை. உத்யம் பதிவுத் தேதிக்கு முந்தைய பில்லையும் விட்டுவிடுங்கள். ஏற்ற தேதிக்குச் சான்று இல்லாத பில் எதற்கும் உதவாது. வாங்குபவரின் ஸ்டோரில் செல்லானைக் கொடுத்து முத்திரை மட்டும் வாங்கி வருகிறார்கள், தேதியில்லாமல். முத்திரைக்குப் பக்கத்தில் தேதியும் கையெழுத்தும் வாங்க டெலிவரி போகும் பையனுக்குச் சொல்லி வையுங்கள். பில்லின் அடியில் உத்யம் எண்ணையும் "2006 சட்டம் பிரிவு 15-ன்படி 45 நாளில் செலுத்த வேண்டும்" என்ற வரியையும் அச்சடியுங்கள்.

மனு இரண்டு பக்கம் போதும். முதல் பத்தியில் இப்போதைய வாசகம், இரண்டாவதில் நாம் கேட்கும் வாசகம், மூன்றாவதில் அரசுக்கு ஆகும் செலவு, பிறகு கணக்குத் தாள். நேரில் கொடுத்தால் பெறுகை எண் வாங்குங்கள். அறுபது நாள் கழித்து அந்த எண்ணைக் குறிப்பிட்டு, கோப்பு எந்த மேசையில் இருக்கிறது என்று தகவல் உரிமைச் சட்டத்தில் பத்து ரூபாய்க் கட்டணம் கட்டிக் கேளுங்கள்.