சும்மாதானே வீட்டுல இருந்தீங்க?

ஞாயித்துக்கிழமை ஓவிய முகாம்ல நடந்தது பாதிப் பேருக்குத் தெரியும். மீதிப் பேர் வீடியோவுல பார்த்திருப்பீங்க. "ஊரடங்குதான் கலைஞனுக்குப் பொற்காலம், அப்பவே படம் போடாதவங்க எப்பவும் போட மாட்டாங்க"ன்னு நம்ம ஓவியர் அண்ணன் மைக்ல சொன்னார். சரி, அவர் கருத்து. அப்புறம் மூணாவது வரிசையில இருந்த என்னைப் பார்த்து, "டீச்சர், நீங்க சும்மாதானே வீட்டுல இருந்தீங்க?" எல்லாரும் சிரிச்சாங்க. நானும் சிரிச்சேன். அதுதான் இன்னும் உறுத்துது.

சும்மா!

2020 மார்ச் 25ல இருந்து நான் சும்மா இருந்த வீடு வேலூர் சத்துவாச்சாரியில ரெண்டு ரூம், ஆறு பேர். நான் பகுதி நேர ஓவிய டீச்சர். அப்பல்லாம் எங்களுக்கு மே மாசம் சம்பளம் கிடையாது, நல்ல வருஷத்துலயே கிடையாது. வரைய உந்துதல் வரலையான்னு கேப்பீங்க, வந்துச்சுங்க. தினம் வந்துச்சு. சரியா குக்கர் மூணாவது விசிலுக்கு வந்துட்டு, நான் கை கழுவிட்டு வர்றதுக்குள்ள போயிடும்.

அப்படியும் ஒண்ணு போட்டேன். ஸ்டேஷனரி கடை மூடியிருந்ததால, கிழிச்ச மாசக் காலண்டர் தாளோட பின்பக்கம். மஞ்சள்ல சுண்ணாம்பு கலந்தா ஆரத்திச் சிவப்பு வரும், அது ஒரு கலர். அடுப்புக்கரி ஒரு கலர். மாமியார் முருங்கைக்கீரை உருவிக்கிட்டிருந்தாங்க, அந்தக் கையை வரைஞ்சேன். அக்னி நட்சத்திர வெயில், ஃபேன் போட்டா தாள் பறக்குது, நிறுத்தினா வேர்வை சொட்டி மஞ்சள் கலையுது. நாலு மத்தியானம் ஆச்சு. அவங்க பார்த்துட்டு, "ஏம்மே, வீங்குன கணுவெல்லாம் இன்னாத்துக்குப் போட்ட? ரெண்டு வளையல் போட்டிருக்கலாம்ல"ன்னாங்க. எனக்குக் கிடைச்ச ஒரே விமர்சனம் அது.

உடனே ஒருத்தர் வந்து "வான்கோ ஆஸ்பத்திரி ஜன்னல்ல பார்த்ததை வெச்சுத்தானே அந்த நட்சத்திர ராத்திரியை வரைஞ்சார்"னு எழுதுவீங்க. 1889, தெரியும். பசங்களுக்கு நானே சொல்லிக் குடுக்குறேன். அங்க அவருக்குப் படுக்க ஒரு ரூம், வரைய தனியா ஒரு ரூம். தம்பி தியோ பணமும் பெயிண்டும் அனுப்பிக்கிட்டே இருந்தார். வான்கோ கீரை ஆய்ஞ்சாரா? எனக்கு அந்த ரெண்டாவது ரூமைக் குடுங்க, அப்புறம் பேசுவோம்.

"கோலம் போட்டீங்கல்ல, அதுவும் கலைதானே"ன்னு சொல்ற நல்லவங்களுக்குப் பதில் கிடையாது.

பொறாமைன்னும் சொல்வீங்க. இருக்கட்டுமே. அண்ணன் அந்த ரெண்டு மாசத்துல நாப்பது படம் போட்டார், எல்லாமே நல்ல படம். அண்ணி பக்கத்துல டீ டம்ளரோட நிக்கிற போட்டோவை அவரே போட்டிருந்தார். அண்ணியும் ஒரு காலத்துல வரைஞ்சவங்க. அதைப் பத்தி மைக்ல ஒரு வார்த்தை இல்ல.

என்னை விடுங்க. ஆற்காடு பக்கம் எங்க அம்மா ஊர்ல துரியோதனன் வேஷம் கட்டுற பெரியப்பா இருக்கார். திரௌபதி அம்மன் திருவிழாவும் பாரதக் கூத்தும் நடக்குற பங்குனி, சித்திரை, வைகாசிதான் அவருக்கு வருஷச் சோறு. அந்த வருஷம் துரியோதனனைச் சாகடிக்கிற படுகளமே இல்ல. கிரீடமும் புஜக்கட்டையும் பரண்மேல கெடந்துச்சு. ரேஷன் கார்டுக்குக் குடுத்த ஆயிரம் ரூபாயை வாங்கிட்டு வந்து திண்ணையில உக்காந்தவர், ராத்திரி பத்து மணிக்கு வாய்க்குள்ளயே விருத்தம் பாடுவாராம், பேரப்பிள்ளைங்க தூக்கம் கெடக் கூடாதுன்னு. பொற்காலத்தை அவர்கிட்ட போய்ச் சொல்லுங்கண்ணே.

அந்தக் கீரைப் படத்தை ஞாயித்துக்கிழமை காட்டலாம்னு சுருட்டி எடுத்துட்டுத்தான் வந்தேன். பையைத் திறக்கவேயில்ல. திரும்பி வர்றப்ப பஸ்ல கூட்டம், நசுங்கிடுச்சு. வீட்டுக்கு வந்து அரிசி டின்னுக்கு அடியில வெச்சிருக்கேன், நிமிரட்டும்னு.